அயலூர் வாழ்வில் ஓர் அட்டைப் பாலம்

‘ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இரா’ என்பது நம் பழமொழி. ஆடலுக்கும் பாடலுக்கும் மட்டுமன்று. வெட்டவும் ஒட்டவும் பழகிய கைக்கும் அது பொருந்தும். ஆயின் பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் சென்றவனிடம் இந்தப் பழமொழி பொய்த்துப் போவதையும் நாம் காண்கிறோம். சொந்த ஊரில் எதையேனும் செய்துகொண்டே இருந்த கை, அயலூரின் வாடகை அறையில் மடிமேல் சும்மா கிடக்கிறது.

இம்மலரைப் புரட்டும் மாணவ மாணவியரில் பலர் படிப்பு முடிந்ததும் இவ்வூரில் இருக்கப் போவதில்லை. சிலர் ஓசூருக்கும் பெங்களூருக்கும் செல்வீர்கள். சிலர் திருப்பூருக்கோ சென்னைக்கோ செல்வீர்கள். கடல் கடந்து போவோரும் இருப்பர். சம்பளம், விடுதி, சாப்பாடு ஆகியவற்றைப் பற்றி உங்களுக்கு அறிவுரை கூறப் பலர் இருக்கின்றனர். வேலை முடிந்து அறைக்குத் திரும்பியபின் இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரை என்ன செய்வது என்று சொல்வோர்தாம் இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றியதே இக்கட்டுரை. மாதிரி உருக்கள் அமைக்கும் பழக்கத்தை, அல்லது அதுபோன்ற ஒரு கைவேலையை, ஊரில் விட்டுச் செல்லாமல் பெட்டியோடு எடுத்துச் செல்லுங்கள் என்பதே என் கருத்து.

மாதிரி உரு என்பது யாது?

ஒரு கட்டடத்தையோ, கப்பலையோ, ரயில் எஞ்சினையோ ஒரே அளவு விகிதத்தில் சுருக்கிச் செய்வதே மாதிரி உரு. பொம்மைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த விகிதத்தில்தான் இருக்கிறது. 1:72 என்ற விகிதத்தில் ஆறடி மனிதன் ஓர் அங்குலம் ஆகிவிடுகிறான். 1:200 என்றால் ஒரு மீட்டர் 5 மில்லிமீட்டராகச் சுருங்கும். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் ஏறத்தாழ 200 அடி உயரம். அதை இந்த விகிதத்தில் செய்தால் ஓர் அடி உயரத்தில் மேசைமேல் நிற்கும். அதன் வாசலில் நிற்கும் ஐந்தரை அடி மனிதன் ஒரு நெல்மணி நீளமே இருப்பான். கோயிலின் பெருமையை அந்த நெல்மணி சொல்வதுபோல் எந்தப் புகைப்படமும் சொல்வதில்லை.

இக்கலை நமக்குப் புதிதன்று. தஞ்சையில் நெட்டி வேலை என்றொரு கைவினை உண்டு. நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் தண்டை உலர்த்தி, வெண்மையான உட்பகுதியைக் கத்தியால் சீவி ஒட்டி, பெரிய கோயிலையே கண்ணாடிப் பெட்டிக்குள் அடக்கிவிடுகிறார்கள். 2020ஆம் ஆண்டில் இக்கைவினைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நவராத்திரிக் கொலுவின் அடிவாரத்தில் அட்டைப் பெட்டியில் ரயில் நிலையமும், மணலில் பூங்காவும், கண்ணாடித் துண்டில் குளமும் அமைத்த பிள்ளைகள் யாவரும் இக்கலையின் முதற்பாடத்தை அறிந்தவர்களே.

ஊர்விட்டுச் சென்றோர் வளர்த்த கலை

‘வீட்டில் வசதியாக இருப்பவர்களுக்கு அல்லவா இந்தப் பொழுதுபோக்கு?’ என்று கேட்கலாம். வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது.

புட்டிக்குள் கப்பல் இருப்பதைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 19ஆம் நூற்றாண்டில் மாதக்கணக்கில் நிலத்தையே காணாமல் கடலில் உழன்ற மாலுமிகள் கைதேர்ந்த வேலை அது. குறுகிய கழுத்துடைய புட்டிக்குள் பாய்மரக் கப்பல் எவ்வாறு நுழைந்தது? பாய்மரங்களின் அடியில் கீல் வைத்து, அவற்றைப் படுக்கவைத்து, கப்பலை உள்ளே செலுத்தி, பிறகு வெளியிலிருந்து நூலை இழுத்தால் மரங்கள் நிமிர்ந்து நிற்கும். ஒரு மாலுமிக்கு உரிய இடம் ஒரு படுக்கையும் ஒரு பெட்டியும்தான். அந்த இடத்துக்குள் அடங்கும் கலையை அவன் உண்டாக்கிக்கொண்டான்.

இன்னொரு சான்று. பிரான்சோடு இங்கிலாந்து போரிட்ட காலத்தில், பீட்டர்பரோ நகருக்கருகே நார்மன் கிராஸ் என்னுமிடத்தில் 1797ஆம் ஆண்டு ஒரு போர்க்கைதிகள் முகாம் திறக்கப்பட்டது. அங்கே அடைபட்டிருந்தோர் தங்கள் உணவில் மிஞ்சிய எலும்பைச் செதுக்கிக் கப்பல்களும் வீடுகளும் செய்தனர். முகாமின் வாயிலில் நடந்த சந்தையில் அவற்றை விற்றுச் சில காசும் பெற்றனர். பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் அவ்வேலைப்பாடுகள் இன்றும் காக்கப்படுகின்றன. கைதியின் நிலையும் வேலைக்குச் சென்றவனின் நிலையும் ஒன்றல்ல. ஆனால் வீட்டை நினைத்துக்கொண்டு கழியும் மாலைப்பொழுது இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

மூன்றாவது சான்று ஒரு தந்தையைப் பற்றியது. அமெரிக்காவில் மில்டன் ரைட் என்ற சமயப் பணியாளர் இருந்தார். பணி நிமித்தம் அடிக்கடி வெளியூர் செல்பவர். 1878ஆம் ஆண்டு அத்தகைய பயணம் ஒன்றிலிருந்து திரும்பியபோது, தம் பிள்ளைகளுக்கு மூங்கில், தக்கை, காகிதம் ஆகியவற்றால் ஆகி, ரப்பர் நாடாவின் முறுக்கினால் மேலெழும் ஒரு சிறு பறக்கும் கருவியைக் கொண்டுவந்தார். பிரான்சு நாட்டு அல்போன்ஸ் பெனோவின் அமைப்பைத் தழுவியது அது. பிள்ளைகள் அது உடையும்வரை விளையாடினர். பின்பு தாங்களே அதைப்போல் செய்தனர். பெரிதாகச் செய்யச் செய்ய அது சரியாகப் பறக்காமையையும் கண்டனர். அப்பிள்ளைகள்தாம் 1903 டிசம்பர் 17 அன்று மனிதனைச் சுமந்து பறக்கும் விமானத்தை ஓட்டிய வில்பரும் ஆர்வில்லும். மாதிரி உரு செய்வோர் யாவரும் ரைட் சகோதரர் ஆகிவிடுவர் என்று நான் சொல்ல வரவில்லை. வெளியூரிலிருந்து திரும்பும் தந்தையின் பையில் என்ன இருக்கிறது என்பது சிறிய செய்தி அன்று என்பதற்காகவே இதைக் கூறினேன்.

கட்டிலடியில் கிடந்த பெட்டி

நான் கடற்கரைச் சீமையைச் சேர்ந்தவன். வணிகவியல் கற்பிக்க இம்மேட்டு நிலத்துக்கு வந்து எட்டாண்டுகள் ஆகின்றன. குடும்பம் ஊரில், நான் இங்கே ஓர் அறையில். ஊரிலிருந்த நாளில் அட்டையாலும் மூங்கிலாலும் தோணி, கலங்கரை விளக்கம் முதலியவற்றைச் செய்து பார்த்தவன். வரும்போது கருவிப் பெட்டியையும் கொண்டுவந்தேன். கட்டிலுக்கடியில் வைத்தேன். இரண்டாண்டுகள் அதைத் திறக்கவில்லை.

காரணம் நேரமின்மை அன்று. நேரம் நிறைய இருந்தது. ‘இது நிலையான இருப்பிடம் அல்ல, அடுத்த கலந்தாய்வில் இடமாறுதல் கிடைத்துவிடும், ஊருக்குப் போய் நிம்மதியாகச் செய்யலாம்’ என்றே ஒவ்வொரு மாலையையும் தள்ளிப்போட்டேன். இடமாறுதல் வரவில்லை. மாலைகள் மட்டும் போயின. படுத்தபடியே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டிற்குப் பேசும்போது சொல்லுவதற்கு ஒன்றுமில்லை. ‘சாப்பிட்டீங்களா?’ என்று என் மனைவி கேட்பார்; ‘ஆயிற்று’ என்பேன். சொல்ல ஏதுமில்லாத மனிதனுக்குச் சினம் எளிதில் வருகிறது. மின்கட்டணம், எரிவாயு உருளை என்று ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொலைபேசியிலேயே சண்டையிட்ட நாள்களும் உண்டு.

ஒரு மழைநாள் மாலை மின்சாரம் நின்றது. கைப்பேசியும் உயிர்விட்டது. வேறு வழியின்றிப் பெட்டியைத் திறந்தேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு திருமண அழைப்பிதழை நீள நீளமாக நறுக்கி முக்கோணங்களாக ஒட்டினேன். மின்சாரம் வந்தது தெரிந்தும் எழுந்திருக்கவில்லை. அந்த முக்கோணங்களே பின்னர் பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியாக வளரத் தொடங்கின.

1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பாலம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுடையது. 1:200 என்ற விகிதத்தில்கூடப் பத்து மீட்டரைத் தாண்டும். என் அறையோ மூன்று மீட்டர். எனவே கப்பலுக்கு வழிவிட இரண்டாகப் பிரிந்து மேலெழும் நடுப்பகுதியை மட்டும் தேர்ந்துகொண்டேன். ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் வழங்கும் அமைப்பு அது. ஒவ்வொரு கையின் பின்புறத்திலும் சமன் செய்யும் எடை உண்டு; வளைந்த அடிப்பகுதி தொட்டிலைப்போல் உருள, கை மேலே எழும். அந்தச் சமநிலை இருந்தமையால்தான் பணியாளர்கள் சிலர் கைவலியால் நெம்புகோலைச் சுழற்றியே அத்தனை இரும்பையும் உயர்த்த முடிந்தது.

இதை நான் ஏட்டில் படித்தேன். ஆனால் புரிந்துகொண்டது என் அட்டைப் பாலம் கவிழ்ந்தபோதுதான். எடையாகச் சிறு இரும்பு மரைகளைக் கட்டியிருந்தேன். வண்ணம் பூசித் தண்டவாளக் கம்பி ஒட்டியதும் தூக்கிய கை பொத்தென்று கீழே விழுந்தது. நுனியில் சேர்த்த ஒரு கிராமை, அச்சிலிருந்து அதில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில் உள்ள எடை தாங்க வேண்டுமானால் ஐந்து கிராம் வேண்டும் அல்லவா? வரவுக்கும் செலவுக்கும் ஐந்தொகை போடக் கற்பிக்கும் எனக்கு ஒரு பாலம் ஐந்தொகை கற்பித்தது. அன்றிரவு தொலைபேசியில் என் மனைவியிடம் சொல்ல ஒரு செய்தி இருந்தது. ‘மறுபடியும் விழுந்துவிட்டது’ என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது.

மறுப்புகளும் விடைகளும்

‘பிள்ளை விளையாட்டு’ என்பர் சிலர். இதற்கு விடை கூற வேண்டியதில்லை. வெட்டிப் பார்த்தால் தெரியும்.

‘அந்த நேரத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கலாமே, தனி வகுப்பு எடுத்தால் வருமானம் வருமே’ என்பர் வேறு சிலர். படிக்க வேண்டியவர் படிக்கத்தான் வேண்டும். தேர்வு நெருங்கும்போது பெட்டியை மூடிவைப்பதில் தவறில்லை, அட்டை கெட்டுப்போகாது. ஆனால் நாளின் ஒவ்வொரு மணியையும் காசாகவோ மதிப்பெண்ணாகவோ மாற்றியே தீரவேண்டும் என்று எண்ணுவோரை நான் அறிவேன். அவர்களும் அந்த இரண்டு மணி நேரத்தைப் படிப்பில் செலவிடுவதில்லை. என்னைப்போல் கைப்பேசியில்தான் கழிக்கின்றனர். கூடவே குற்ற உணர்வும் கொள்கின்றனர்.

மூன்றாவது மறுப்பே வலுவானது. ‘குடும்பத்தைப் பிரிந்து வாழ்பவன் தன் ஒவ்வொரு ரூபாயையும் ஒவ்வொரு நாழிகையையும் குடும்பத்துக்கு அன்றோ கடன்பட்டிருக்கிறான்?’ ரூபாயைப் பொறுத்தவரை இது முழுதும் உண்மை. அயல்நாட்டிலிருந்து வரும் விலையுயர்ந்த தொகுப்புகளைக் கடன் அட்டையில் வாங்கிக் குவிப்பவரை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் நாழிகை அப்படியன்று. இங்கே என் அறையில் கழியும் இரவு எட்டு மணியைப் பொட்டலம் கட்டிப் பேருந்தில் ஏற்றி ஊருக்கு அனுப்ப முடியாது. அது இங்கேயே செலவாக வேண்டியது. அதை வீணாக்கினால் வீட்டுக்கு எந்த நன்மையும் இல்லை. நன்றாகச் செலவிட்டால், ஊர் திரும்பும் மனிதன் சற்றே நல்ல மனிதனாகத் திரும்புவான்.

சில நடைமுறைகள்

அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு பிஸ்கட் தகரப் பெட்டிக்குள் அடங்கும் கருவிகளே போதும். எஃகு அளவுகோல், தாள் வெட்டும் கத்தி, சிறு இடுக்கி, உப்புத்தாள், பெவிகால், பென்சில், அடியில் வைத்து வெட்டத் தடித்த அட்டை, ஒட்டியதை இறுக்கிப் பிடிக்கத் துணி மாட்டும் கிளிப்புகள். தேவையானவை அனைத்தும் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். விமானத்தில் செல்வோர் கத்தியைக் கைப்பையில் வைத்தல் கூடாது. சரக்கில் போடும் பெட்டியில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, பொருளைத் தேடி அலைய வேண்டாம். திருமண அழைப்பிதழைப்போல் வளையாத, வழவழப்பான அட்டை வேறில்லை. எரிந்து முடிந்த ஊதுபத்தியின் மூங்கில் குச்சி, தீக்குச்சி, ஐஸ் குச்சி, பழைய மின்கம்பியின் செம்பு இழை ஆகியவை எல்லா ஊரிலும் கிடைக்கும்.

மூன்றாவது, அறைத்தோழரை மதிக்க வேண்டும். உடனே ஒட்டும் பசையின் ஆவி கண்ணை எரிக்கும். பீய்ச்சியடிக்கும் வண்ணம் அறை முழுதும் படியும். பலர் தங்கும் அறையில் இவ்விரண்டும் ஆகா. வெள்ளைப் பசையும் தூரிகையும் யாருக்கும் தொல்லை தரமாட்டா. அறுத்த துண்டுகளை அன்றன்றே பெருக்கிவிட வேண்டும். வெற்றுக் காலில் நடப்பவர் இருப்பர்.

நான்காவது, பெரிதாகத் தொடங்காதீர்கள். ஒரு மாலையில் முடியும் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு தூண், ஒரு சன்னல், ஒரு முக்கோணம் போதும். முடிந்தது ஒன்று கண்முன் இருந்தால் மறுநாள் கை தானே நீளும். சிறு துளிதானே பெருவெள்ளம்?

ஐந்தாவது, தட்பவெப்பத்தை மறவாதீர்கள். இங்கே காய்ந்த காற்றில் நேராக நின்ற என் அட்டை உத்திரங்கள், கார்த்திகை மழையில் எங்கள் கடற்கரை ஊர் போய்ச் சேர்ந்ததும் வில்லாக வளைந்தன. அதன்பின் அட்டையின் இருபுறமும் வார்னிஷ் பூசிய பிறகே ஊருக்குக் கொண்டு செல்கிறேன்.

ஓர் எச்சரிக்கை

இதுவரை பொழுதுபோக்கின் பெருமையையே பேசினேன். அதன் தீமையையும் கூறாவிடில் நான் நேர்மையாளன் ஆகேன்.

பகுதிகளை இங்கே அறையில் வெட்டுவது, ஊருக்குச் செல்லும்போது கொண்டுபோய் அங்கே சேர்ப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன். ஆறேழு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் தகரப் பெட்டி என் மடிமேல் இருக்கும். ஒருமுறை நான் குளித்துவிட்டு வருவதற்குள், என் மகள் தானே ஒரு குறுக்குச் சட்டத்தை எடுத்துப் பாலத்தில் ஒட்டியிருந்தாள். அது கோணலாக இருந்தது. ‘அப்பா, பாருங்க’ என்றாள். நான் பார்த்தேன், கத்தியின் நுனியால் அதைப் பெயர்த்து எடுத்துச் சரியாக ஒட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு முறை நான் ஊர் சென்றபோதும் அவள் மேசைப் பக்கமே வரவில்லை.

மாதத்தில் நான்கு நாள் வீட்டிலிருக்கும் தகப்பன், அந்த நான்கு நாளிலும் ஒரு மில்லிமீட்டரைக் காப்பாற்றி ஒரு பிள்ளையை விலக்கிவிட்டான். அயலூர்த் தனிமைக்கு மருந்தாக வந்த ஒன்று, வீட்டிற்குள்ளேயே இன்னொரு தனிமையை உண்டாக்கலாம். ஆகவே நான் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். அறையில் செய்யும் வேலை என்னுடையது. அங்கே அரை மில்லிமீட்டருக்கும் சண்டையிடுவேன். வீட்டில் செய்யும் வேலை எங்களுடையது. அங்கே கோணலுக்கும் இடமுண்டு. மூன்றாம் முறை சென்றபோது பசையை அவளிடம் கொடுத்துவிட்டு நான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒட்டிய ஒரு சட்டம் தலைகீழாக இருக்கிறது. எனக்கும் அவளுக்கும் மட்டுமே அது தெரியும். அது அப்படியே இருக்கும்.

முடிவாக

நான் இப்பாலத்தைத் தொடங்கியபோது உண்மையான பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அருகிலேயே, நடுப்பகுதி முழுதும் அப்படியே செங்குத்தாக மேலே உயரும் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. என் வேலை மட்டும் இன்னும் முடியவில்லை. கைகளால் திறந்த பாலத்தின் மேல் ரயிலில் சென்ற நினைவு என் மகளுக்கு இல்லை. அப்போது அவள் கைக்குழந்தை. எங்கள் மேசைமேல் இருக்கும் அட்டைப் பாலத்தின் கைகளைத் தூக்கித் தூக்கி இறக்கித்தான் அவள் அதை அறிகிறாள்.

மாணவத் தோழர்களே! நாளை நீங்கள் பெட்டி கட்டும்போது சான்றிதழ்களை வைப்பீர்கள், உடுப்புகளை வைப்பீர்கள், அம்மா கொடுக்கும் ஊறுகாய்ப் புட்டியை வைப்பீர்கள். அவற்றோடு ஒரு தகரப் பெட்டிக்கும் இடம் விடுங்கள். அதில் கத்தியும் அட்டையும் இருக்கட்டும்; அல்லது ஊசியும் நூலுமோ, தூரிகையும் வண்ணமுமோ இருக்கட்டும். அதைக் கட்டிலுக்கடியில் தள்ளாதீர்கள். போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே திறந்துவிடுங்கள். ‘நல்ல இடத்துக்குப் போனபின்’ என்று காத்திராதீர்கள். காத்திருந்து இரண்டாண்டை இழந்தவன் சொல்கிறேன்: அயலூரிலும் நாம் வாழ்வது நம் வாழ்நாளைத்தான்.